கம்பிச் சுருளும் காந்தமும்: மைக்கேல் பாரடேயின் வரலாறு

அரசர்களின் பட்டாபிஷேக ஆண்டுகளையும் போர்கள் நடந்த இடங்களையும் நம் குழந்தைகள் பள்ளியில் நெட்டுருப் பண்ணுகின்றனர். ஆனால் மாலையில் ஸ்விட்சைத் தட்டியதும் விளக்கு எரிகின்றதே, அந்த மின்சாரத்தைப் பிறப்பிக்கும் வழியை முதன்முதல் கண்டவர் யார் என்று அவர்கள் கேட்டால், பெரியவர்களாகிய நாமே விழிக்கின்றோம். அவ்வழியைக் கண்டவர் ஒரு கொல்லரின் மகன். புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைக் கற்றவர். கல்லூரி வாசற்படியை மாணவராக மிதியாதவர். மைக்கேல் பாரடே என்பது அவருடைய பெயர். நம் காலனிக் குடும்பங்கள், சிறப்பாக மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட என்போன்றோர், அவருடைய சரித்திரத்தை அறிந்திருத்தல் நலம் என்று கருதி, படித்தறிந்த அளவில் ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், இலண்டனின் தென்பகுதியான நியூயிங்டனில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், வடக்கே வெஸ்ட்மோர்லாந்து என்னும் மலைநாட்டிலிருந்து பிழைப்பை நாடித் தலைநகருக்குக் குடிபெயர்ந்தவர். பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்றூரில் அடுப்பு மூட்டுவது எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஜேம்ஸ் தொழிலில் வல்லவர், ஆனால் நோயாளி. பல நாள் உலைக்களத்துக்குப் போக இயலாமற் படுத்துவிடுவார். 1801ஆம் ஆண்டில் தானிய விலை ஏறியபோது குடும்பம் பொது உதவியை நாட வேண்டியதாயிற்று. சிறுவன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி கிடைத்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஏழு நாளையும் ஓட்ட வேண்டும். எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் ஓரளவு கற்றதோடு அவருடைய பள்ளிப் படிப்பு முற்றுப்பெற்றது.

பதின்மூன்றாம் வயதில், ரீபோ என்னும் பிரெஞ்சுக்காரர் நடத்திய புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அக்காலத்தில் செய்தித்தாளை வாடகைக்கு விடுவது வழக்கம். ஒரு வீட்டில் கொடுத்து, அவர்கள் படித்து முடித்ததும் வாங்கி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். அப்படித் தெருத் தெருவாக நடந்த பையனின் ஒழுங்கைக் கண்ட ரீபோ, 1805ஆம் ஆண்டில் வழக்கமான முன்பணம் எதுவும் வாங்காமலே அவரைத் தொழில் பயில்பவராக ஏற்றுக்கொண்டார். ஒப்பந்தம் ஏழாண்டுக்கு. பைண்டு செய்ய வந்த நூல்களைத் தைப்பதும் ஒட்டுவதும் பகல் வேலை; வேலை முடிந்தபின் அவற்றைப் படிப்பது அவர் தாமே ஏற்றுக்கொண்ட வேலை. பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை கண்ணிற்பட்டது. மார்செட் என்னும் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூலும் கைக்கு வந்தது. படித்ததை அப்படியே நம்பிவிடாமல், சில பென்ஸ் காசுக்குச் சாமான் வாங்கி அச்சோதனைகளைத் தாமே செய்து பார்த்தார். இந்தப் பழக்கம் அவரை இறுதிவரை விடவில்லை. பிறர் செய்ததாகச் சொன்ன சோதனையைத் தம் கையால் ஒருமுறை செய்து பார்த்தாலன்றி அவருக்கு மனம் அமைதியடையாது.

ரீபோவைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். பையன் நூலைப் படிக்கிறானே என்று சினந்து கொள்ளும் முதலாளியாக அவர் இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. கடையின் பின்புறத்தில் சோதனை செய்ய அனுமதித்தார். தம் வீட்டில் குடியிருந்த ஓவியர் ஒருவரிடம் வரைபடக் கலையைக் கற்றுக்கொள்ளவும் இடங்கொடுத்தார். டேட்டம் என்பவர் மாலை வேளைகளில் நிகழ்த்திய விஞ்ஞானச் சொற்பொழிவுகளுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லுத் தொழிலில் இருந்த அண்ணன் ராபர்ட் அந்த ஷில்லிங்கைக் கொடுத்தார். மேதைகளின் வரலாற்றில் இத்தகைய அண்ணன்மாரின் பெயர் ஒரு வரியோடு மறைந்து போகின்றது. இங்கேயும் அதற்கு மேல் எழுத என்னிடம் செய்தி இல்லை.

1812ஆம் ஆண்டில் கடையின் வாடிக்கைக்காரரான டான்ஸ் என்பவர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்தவிருந்த சொற்பொழிவுகளுக்குப் பாரடேயை அழைத்துச் சென்றார். டேவி அக்காலத்து இங்கிலாந்தின் தலைசிறந்த இரசாயன அறிஞர், சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுத்தவர், பேச்சில் வல்லவர். அவருடைய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்ட இளைஞர், குறிப்பெடுத்து, விரித்தெழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்தார். அக்டோபர் மாதத்தில் பயிற்சி முடிந்து வேறொரு முதலாளியிடம் கூலிக்குச் சேர்ந்தார், அவரோ முன்கோபி. வியாபாரம் தமக்கு ஒத்துவராது என்று பாரடேக்குத் தெரிந்துவிட்டது. ராயல் சொஸைட்டியின் தலைவருக்கு, எந்தத் தாழ்ந்த வேலையானாலும் விஞ்ஞானத் துறையில் கொடுங்கள் என்று விண்ணப்பம் எழுதினார். பலநாள் வாசலில் போய்க் கேட்டும் பதில் இல்லை. பிறகு டேவிக்கு எழுதி, தாம் பைண்டு செய்த குறிப்பு நூலையும் உடன் அனுப்பினார். டேவி அன்புடன் பதில் எழுதி நேரில் வரச் சொன்னாரேயொழிய, அப்போது காலியிடம் இல்லை. சில வாரம் கழித்து, ஆய்வுக்கூடத்து உதவியாளன் ஒருவன் அடிதடியில் ஈடுபட்டு வேலையை இழந்தான். ஒருநாள் இரவு பாரடேயின் குடும்பம் இருந்த எளிய தெருவில் டேவியின் கோச்சு வண்டி வந்து நின்றது. 1813ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பாரடே வேலையில் அமர்ந்தார். வாரச் சம்பளம் 25 ஷில்லிங். மாடியில் இரண்டு அறை. நிலக்கரியும் மெழுகுவத்தியும் இலவசம்.

அவ்வாண்டு அக்டோபரிலேயே டேவி தம் மனைவியாருடன் ஐரோப்பிய யாத்திரை புறப்பட்டார்; பாரடேயையும் அழைத்துச் சென்றார். கடைசி நேரத்தில் டேவியின் வேலைக்காரன் வரமறுத்தமையால், அவனுடைய பணிகளும் பாரடேயின் தலையில் விழுந்தன. டேவியின் மனைவியார் செல்வமும் செருக்கும் உடையவர். உதவி விஞ்ஞானியாகப் புறப்பட்டவரை அவர் வேலைக்காரராகவே நடத்தினார். வேலைக்காரர்களோடு உண்ண வேண்டிய நிலையும் ஏற்பட்டது. எல்லாவற்றையும் விட்டு ஊர் திரும்பிவிடலாமா என்று நண்பருக்கு எழுதும் அளவுக்கு மனம் புண்பட்டது. ஆயினும் திரும்பவில்லை. பாரிஸில் ஆம்பியரைக் கண்டார். மிலானில் முதிய வோல்டாவைக் கண்டார். பிளாரன்ஸில் பெரிய ஆடியால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்த சோதனையில் உடன் நின்றார். 1815 ஏப்ரலில் இலண்டன் திரும்பியபோது அவர் பிரெஞ்சு மொழியையும் ஓரளவு இத்தாலிய மொழியையும் அறிந்திருந்தார். பிறர் கல்லூரியில் பெறுவதை அவர் அவமானத்தோடு சேர்த்துப் பெற்றார் எனலாம்.

இனிக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். 1820ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் ஆர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டி ஊசியை வைத்தால் ஊசி திரும்புகிறது என்று வெளியிட்டார். அதுகாறும் மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்று எண்ணியிருந்த ஐரோப்பா திடுக்கிட்டது. கம்பியைச் சுருளாகச் சுற்றினால் விளைவு பன்மடங்காகப் பெருகுகிறது என்பதும், மின்சாரம் பாயும் சுருள் முழுவதுமே ஒரு காந்தத் துண்டுபோல் ஒரு முனையில் வடதுருவமும் மறுமுனையில் தென்துருவமும் உடையதாக நடந்துகொள்கிறது என்பதும் விரைவில் வெளியாயின. இப்படிப்பட்ட சுருளின் அருகே நிலைக்காந்தத்தைக் கொணர்ந்தால், ஒத்த துருவங்கள் தள்ளும், மாறான துருவங்கள் இழுக்கும். பாட்டரியின் இணைப்பை மாற்றிவிட்டால் சுருளின் துருவங்களும் மாறி, இழுத்தது தள்ளும், தள்ளியது இழுக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் இதைத் தாமே காணலாம். எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பியை ஐம்பது சுற்று சுற்றி, முனைகளைச் சுரண்டி, ஒரு டார்ச்சு பாட்டரியில் கணநேரம் தொட்டால், அருகிலுள்ள திசைகாட்டி ஊசி துள்ளித் திரும்பும்.

ரயில்வேயில் வேலை பார்ப்போர்க்கு இது புதிதன்று. பழைய பிளாக் கருவிகளின் முகப்பில் உள்ள ஊசியை ஸ்டேஷன் மாஸ்டர்கள் அறிவார்கள். மின்சாரம் ஒரு திசையில் வந்தால் ஊசி ஒருபுறம் சாயும். எதிர்த்திசையில் வந்தால் மறுபுறம் சாயும். வராவிட்டால் நடுவில் நிற்கும். அடுத்த ஸ்டேஷனிலிருந்து வண்டி வருகிறதா, இங்கிருந்து போகிறதா, பாதை வெறுமையாக இருக்கிறதா என்பதை அந்த ஊசியைக் கண்டே தீர்மானித்தனர். பெட்டிக்குள்ளே இருப்பது கம்பிச் சுருளும் காந்தமுமேயன்றி வேறு மாயமில்லை. இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் என்ற இருவர் அமைத்த ஊசித் தந்தியை 1839ஆம் ஆண்டிலேயே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே பாடிங்டனிலிருந்து வெஸ்ட் டிரேட்டன் வரையில் பயன்படுத்தியது. நம் நாட்டில் தந்திச் சேவை 2013இல் நிறுத்தப்பட்டபோது வருந்தியவர்களுள் நானும் ஒருவன்.

ஆர்ஸ்டெட்டின் செய்தி வந்ததும், வோலஸ்டன் என்னும் மூத்த அறிஞர், மின்சாரக் கம்பி காந்தத்தின் அருகே தன்னைத்தானே சுற்றிச் சுழலவேண்டும் என்று ஊகித்து, 1821 ஏப்ரலில் டேவியோடு சேர்ந்து முயன்று பார்த்தார். கம்பி அசையவில்லை. சோதனையின்போது பாரடே அங்கில்லை. பிறகு நடந்த பேச்சை மட்டும் கேட்டார். அவ்வாண்டு ஜூன் மாதம் சாரா பர்னார்டு என்னும் நங்கையை மணந்தார். கோடையில் ஒரு நண்பர், மின்காந்தத்தைப் பற்றி அதுவரை வெளிவந்த அனைத்தையும் தொகுத்து ஒரு வரலாறு எழுதித் தருமாறு வேண்டினார். பாரடே தம் வழக்கப்படி ஒவ்வொரு சோதனையையும் தாமே செய்து பார்த்தார். அப்போது மற்றவர் கவனிக்காத ஒன்று அவர் கண்ணிற்பட்டது. கம்பி, காந்தத் துருவத்தை நேராக இழுப்பதுமில்லை, தள்ளுவதுமில்லை; தன்னைச் சுற்றி வட்டமாகப் போகும்படி தூண்டுகிறது. ஆனால் காந்தத்துக்குத் துருவம் இரண்டு. ஒன்று வலமாகச் சுற்ற முயன்றால் மற்றது இடமாகச் சுற்ற முயலும். இரண்டும் ஒன்றையொன்று தடுத்துவிடும். ஆகவே ஒரு துருவத்தை மட்டும் கம்பியின் அருகே நிறுத்த வேண்டும்.

1821 செப்டம்பர் 3ஆம் நாள் அவர் செய்தது இதுதான். ஒரு பாத்திரத்தின் அடியில் மெழுகால் காந்தத்தை நிமிர்த்தி நிறுத்தினார். அதன் மேல்துருவம் மட்டும் வெளியே தெரியும்படி பாதரசத்தை ஊற்றினார். மேலேயிருந்து ஒரு கம்பியைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அதன் நுனி பாதரசத்தைத் தொடும்படி செய்தார். பாட்டரியை இணைத்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்சாரம் உள்ளவரை நிற்கவில்லை. மின்சாரத்தைக் கொண்டு இடைவிடாத சுழற்சியைப் பெற்றது உலகில் அதுவே முதன்முறை. பின்னாளில் மாவு அரைத்ததும், நீர் இறைத்ததும், வண்டி இழுத்ததுமான மோட்டார்களுக்கெல்லாம் அந்தப் பாதரசக் கிண்ணமே மூதாதை. சட்டைப்பையில் வைக்கத்தக்க சிறு மாதிரிகளைச் செய்து, ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார்.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அவசரமாக வெளியிட்ட கட்டுரையில் வோலஸ்டனின் பெயரைக் குறிக்கவில்லை. முன்னரே கேட்க நினைத்து அவர் வீட்டுக்குப் போனபோது அவர் ஊரில் இல்லை. போதாதா? கொல்லரின் மகன் பெரியவரின் எண்ணத்தைத் திருடிவிட்டான் என்று பேச்சுப் பரவியது. சுழலும் என்று வோலஸ்டன் எண்ணியது தன்னைத்தானே சுற்றும் சுழற்சி. பாரடே கண்டது காந்தத்தைச் சுற்றி வரும் சுழற்சி. இரண்டும் வேறென்பதை வோலஸ்டனே உணர்ந்து பெருந்தன்மையுடன் நடந்துகொண்டார். டேவியின் மனம்தான் இளகவில்லை. பாரடேயை ராயல் சொஸைட்டி உறுப்பினராக்கப் பலர் கையொப்பமிட்டு முன்மொழிந்தபோது, தலைவராயிருந்த டேவி அதைத் திரும்பப் பெறச் சொன்னார். முன்மொழிந்தவன் நானல்லவே, நான் எப்படித் திரும்பப் பெறுவேன் என்னும் கருத்தில் பாரடே அடக்கமாக விடை கூறினார். 1824 ஜனவரி 8ஆம் நாள் தேர்தல் நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு கறுப்பு உருண்டை. அதைப் போட்டவர் இன்னாரென்று ஊகிப்போர் உண்டு. இரகசிய வாக்கு ஆகையால் நாம் ஊகிக்க வேண்டாம். டேவியை அற்பர் என்று தள்ளுவதும் முறையன்று. பைண்டிங் கடைப் பையனுக்குக் கதவைத் திறந்தவர் அவர்தாம். கை தூக்கிவிட்டவனே தன்னைத் தாண்டிச் செல்லும்போது வாழ்த்தும் மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? பாரடே தம் வாழ்நாள் முழுவதும் டேவியை நன்றியுடனேயே குறிப்பிட்டு வந்தார்.

மின்சாரம் காந்தத்தை உண்டாக்குமாயின், காந்தம் மின்சாரத்தை உண்டாக்க வேண்டுமன்றோ? இக்கேள்வி ஐரோப்பா முழுவதிலும் எழுந்தது. பாரடே 1824, 1825, 1828 ஆகிய ஆண்டுகளில் முயன்று தோற்றார். நடுவே குளோரின் வாயுவைத் திரவமாக்கினார், பென்சீனைக் கண்டார், அரசாங்கத்துக்காகக் கண்ணாடி உருக்கும் வேலையில் ஆண்டுகள் பல கழிந்தன. ஜினீவாவில் கொலாடன் என்னும் இளைஞரின் கதை பரிதாபமானது. 1825இல் அவர் சுருளினுள்ளே காந்தத்தை நுழைத்தார். காந்தம் ஊசியை நேரே அசைத்துவிடக் கூடாதே என்று அஞ்சி, மின்சாரம் காட்டும் கருவியைத் தொலைவில் வேறு அறையில் வைத்திருந்தார். காந்தத்தை நுழைத்துவிட்டு நடந்துபோய்ப் பார்த்தால் ஊசி அசையாமல் நின்றது. அவர் நடந்து போவதற்குள் ஊசி அசைந்து ஓய்ந்துவிட்டது! பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தியிருந்தால் பாரடேயின் புகழில் பாதி கொலாடனுக்குப் போயிருக்கும்.

1831 ஆகஸ்டு 29ஆம் நாள். ஆறங்குல விட்டமுள்ள ஓர் இரும்பு வளையத்தைப் பாரடே செய்வித்திருந்தார். அதன் ஒரு பாதியில் ஒரு கம்பிச் சுருள், மறுபாதியில் மற்றொன்று. உறையிட்ட கம்பி கடையில் கிடைக்காத காலம் அது. நூலையும் துணியையும் இடையிட்டுக் கையாலேயே சுற்ற வேண்டியிருந்தது. முதற் சுருளைப் பாட்டரியோடு இணைத்தபோது, இரண்டாம் சுருளோடு சேர்ந்த கம்பியின் கீழிருந்த காந்த ஊசி ஒருமுறை துடித்துப் பழைய நிலைக்கு வந்தது. மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தும் ஊசி அசையவில்லை. இணைப்பைத் துண்டித்தபோது மறுபடி துடித்தது, எதிர்த்திசையில். இன்றைய டிரான்ஸ்பார்மரின் முதல் வடிவம் இவ்வளையமே.

எல்லோரும் தேடியது இடைவிடாது பாயும் மின்சாரத்தை. கிடைத்ததோ ஒரு கணத் துடிப்பு. அதை ஏதோ கோளாறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. பாரடே ஒதுக்கவில்லை. ஏழு வாரம் அதையே சுற்றிச் சுற்றி ஆராய்ந்தார். அக்டோபர் 17ஆம் நாள், உள்ளே பொள்ளலான காகிதக் குழாயின்மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளைக் கருவியோடு இணைத்து, எட்டரை அங்குல நீளமுள்ள காந்தக் கம்பத்தைச் சட்டென்று உள்ளே தள்ளினார். ஊசி ஒருபுறம் துள்ளியது. காந்தத்தை உள்ளேயே வைத்திருந்தார், ஊசி நின்றுவிட்டது. வெளியே இழுத்தார், மறுபுறம் துள்ளியது. இரகசியம் வெளிப்பட்டுவிட்டது. அசையாமற் கிடக்கும் காந்தம் எவ்வளவு வலிமையுடையதாயினும் சுருளில் மின்சாரத்தை எழுப்பாது. காந்தம் நகர வேண்டும், அல்லது சுருள் நகர வேண்டும். விரைவாக நகர்ந்தால் மின்சாரம் மிகும். பாட்டரி இல்லை, அமிலம் இல்லை. கையின் அசைவே மின்சாரமாக மாறிற்று.

இவ்வாறு பிறக்கும் மின்சாரம் எத்திசையில் பாயும் என்பதற்கு 1834இல் ருஷியாவிலிருந்த லென்ஸ் என்பவர் விதி கண்டார். வடதுருவத்தை உள்ளே தள்ளினால், சுருள் தன் முகப்பில் வடதுருவத்தையே உண்டாக்கிக்கொண்டு அதைத் தடுக்க முயலும். வெளியே இழுத்தால் தென்துருவத்தை உண்டாக்கிப் பிடித்திழுக்கும். சுருள், வருவதையும் விடாது, போவதையும் விடாது! அந்த எதிர்ப்பை வென்று தள்ளுவதற்கு நாம் செலவிடும் உழைப்பே மின்சாரமாகின்றது. முன்பு சைக்கிளில் டைனமோ பொருத்தியிருந்தோர்க்கு, விளக்கு எரியும்போது பெடல் கனப்பது நினைவிருக்கும். இலவசமாக எதுவும் வருவதில்லை.

அக்டோபர் 28ஆம் நாள் ராயல் சொஸைட்டிக்குச் சொந்தமான பெருங்காந்தத்தின் இரு துருவங்களுக்கிடையே பன்னிரண்டு அங்குலச் செம்புத் தட்டு ஒன்றைச் சுழற்றி, இடைவிடாத மின்சாரத்தையே பெற்றார். முதல் டைனமோ அதுதான். நவம்பர் 24ஆம் நாள் கட்டுரை ராயல் சொஸைட்டியில் படிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பாரிஸில் பிக்ஸி என்பவர், சுருள்களின் முன்னே நிலைக்காந்தத்தைச் சுழற்றும் கைப்பொறியைச் செய்துவிட்டார். பொறியைப் பெரிதாக்கும் வேலையைப் பிறருக்கு விட்டுவிட்டுப் பாரடே வேறு ஆராய்ச்சிக்குப் போனார். இந்தக் கண்டுபிடிப்பால் என்ன பயன் என்று மந்திரி ஒருவர் கேட்டதாகவும், ஒருநாள் இதற்கு வரி விதிப்பீர் என்று பாரடே விடையிறுத்ததாகவும் ஒரு கதை பலமுறை அச்சேறியிருக்கிறது. அவர் காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. மின்சாரக் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கும்போது மட்டும் கதை மெய்யாகத் தோன்றும்.

அவருடைய ஆய்வுக்கூடம் பெருங்கூட்டம் நிறைந்ததன்று. ஆண்டர்சன் என்னும் ஓய்வுபெற்ற பீரங்கிப் படை வீரர் ஒருவரே உதவியாளர். ஒருநாள் மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்று அவரிடம் சொல்லப் பாரடே மறந்துவிட்டார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஆண்டர்சன் உலைக்குக் கரி போட்டுக்கொண்டே இருக்கிறார். உத்தரவு வரும்வரை இடத்தை விட்டு அசையாத இத்தகைய சிப்பந்தி எந்த ஆபீசிலும் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நம் காலத்தில் ஓவர்டைம் கணக்கு என்னாவது?

பொருளை அவர் எப்படி மதித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1830 வாக்கில் தொழிற்சாலைகளுக்கும் வழக்குமன்றங்களுக்கும் இரசாயனப் பரிசோதனை செய்து கொடுத்து ஆண்டுக்கு ஆயிரம் பவுன் சம்பாதித்தார். ஆராய்ச்சிக்கு நேரம் போதவில்லை என்று கண்டதும் அந்த வருமானத்தை மெல்ல மெல்ல விட்டொழித்தார். ராயல் இன்ஸ்டிட்யூஷன் தந்த சம்பளமோ நூறு பவுனும் வீடும் கரியும். சர் பட்டம் வேண்டாமென்றார். ராயல் சொஸைட்டியின் தலைமைப் பதவியையும் மறுத்தார். அவர் குடும்பம் ஸாண்டிமேனியன் என்னும் சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சார்ந்தது. செல்வம் சேர்ப்பதை அப்பிரிவினர் நன்றென்று கொள்ளார். ஓய்வுநாளில் ஏழைகளையும் நோயாளிகளையும் காணச் செல்வது அவருடைய வழக்கம். குழந்தைப் பேறு இல்லை. ஆனால் 1827 முதல் 1860 வரை பத்தொன்பது கிறிஸ்துமஸ் பருவங்களில் பிறர் வீட்டுக் குழந்தைகளுக்காக விஞ்ஞானச் சொற்பொழிவு நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்துக்கொண்டு அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் நூலாகி, இன்றும் படிக்கப்படுகின்றன.

கணிதம் அவருக்கு வரவில்லை. காந்தத்தின்மேல் காகிதத்தை வைத்து இரும்புத்தூள் தூவினால் கோடு கோடாக அமைவதைக் கண்டு, காந்தத்தைச் சுற்றியுள்ள வெளி முழுவதும் விசைக்கோடுகள் நிறைந்திருப்பதாக மனத்தில் உருவகித்தார். கம்பி அக்கோடுகளை வெட்டும்போது மின்சாரம் பிறக்கிறது என்பது அவர் விளக்கம். சமன்பாடு தெரியாதவரின் கற்பனை என்று கணித வல்லுநர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மாக்ஸ்வெல் என்னும் இளம் மேதைதான் அக்கோடுகளைக் கணிதமாக்கத் தொடங்கினார். 1857இல் அவருக்குப் பாரடே எழுதிய கடிதத்தில், கணிதத்தால் கண்ட முடிவுகளை எம்போன்றோர்க்கும் விளங்கும் எளிய மொழியில் எழுதக் கூடாதா என்று பணிவோடு கேட்டார். அப்போது பாரடேக்கு வயது அறுபத்தாறு, மாக்ஸ்வெல்லுக்கு இருபத்தாறு.

1839 முதல் உடலும் நினைவும் தளரத் தொடங்கின. தலைச்சுற்றல், மறதி. மனைவியார் 1841இல் ஓய்வுக்காக அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு பட்டறையில் ஆணி அடிப்பதை நெடுநேரம் நின்று பார்த்து, கொல்லருடைய தொழில் தொடர்பான எதுவும் தமக்கு விருப்பமானதே என்றும், தம் தந்தை கொல்லர் என்றும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தேறி வந்து 1845இல் காந்தம் ஒளியின் மீதும் செயற்படுவதை நாட்டினார். ஆனால் மறதி மறுபடி மறுபடி வந்தது. செய்த சோதனையை மறந்து மீண்டும் செய்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு எழுதிவைத்தார். அவ்வெண் பதினாறாயிரத்தைத் தாண்டியது. பிறர் அக்குறிப்பேடுகளைப் பார்த்து ஒழுங்கு என்று வியக்கின்றனர். எனக்கோ, நழுவும் நினைவை நூலால் தைத்துப் பிடிக்க முயன்ற ஒரு பைண்டரின் கை அங்கே தெரிகிறது.

கலங்கரை விளக்கங்களுக்கு ஆலோசகராகவும் அவர் பல ஆண்டு பணியாற்றினார். 1858 டிசம்பரில் சவுத் போர்லாந்து கலங்கரை விளக்கத்தில், ஹோம்ஸ் என்பவர் அமைத்த மின்சாரப் பொறி சோதனைக்கு வந்தது. நீராவி எஞ்சினால் இயங்கிய அப்பொறியில் இருந்தவை நிலைக்காந்தங்களும் கம்பிச் சுருள்களுமே. இருபத்தேழு ஆண்டுகளுக்குமுன் தம் கையளவில் துடித்த ஊசி, கடலில் கப்பல்களுக்கு வழிகாட்டும் ஒளியாக நின்றது. 1860 பிப்ரவரியில் அதைப் பார்வையிடப் போனபோது பனி பாதையை மூடிவிட்டது. திரும்பி வந்தவர் சில நாள் கழித்து மீண்டும் போய், வேலிகளையும் சுவர்களையும் ஏறிக் கடந்து, வயல் வழியே நடந்து விளக்கத்தை அடைந்தார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது.

நம் நாட்டில் 1925 பிப்ரவரி 3ஆம் நாள் பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை முதல் மின்ரயில் ஓடியது. 1931இல், அதாவது பாரடே சுருளில் காந்தத்தை நுழைத்ததற்குச் சரியாக நூறாம் ஆண்டில், சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் வந்தது. பெரிய எஞ்சின்களில் காந்தத்தையும் மின்சாரத்தாலேயே ஆக்கிக்கொள்கின்றனர். நிலைக்காந்தம் காலாவதியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நம் ஆண்டுவிழா மேடையின் ஒலிபெருக்கியைத் திறந்து பாருங்கள். வட்டமான நிலைக்காந்தம், அதன் இடுக்கில் காகிதக் கூம்போடு ஒட்டிய சிறு சுருள். பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கேற்பச் சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாய, காந்தம் அதைத் தள்ளியும் இழுத்தும் கூம்பை அதிரச் செய்கிறது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளிலும் நிலைக்காந்தமே சுழல்கிறது.

1862 மார்ச்சு 12ஆம் நாள், காந்தத்தின் அருகே வைத்த சுடரின் நிறமாலையில் மாறுதல் தோன்றுகிறதா என்று பாரடே பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. அவருடைய கடைசிச் சோதனை அது. கருவி போதாமையே காரணம். 1896இல் ஹாலந்து தேசத்து ஸீமன் அதே மாறுதலைக் கண்டு, பின்னர் நோபல் பரிசு பெற்றார்.

இறுதி ஆண்டுகளை, விக்டோரியா அரசியார் அளித்த ஹாம்ப்டன் கோர்ட்டு வீட்டில் கழித்தார். பேசுவது குறைந்தது, சன்னலருகே நாற்காலியில் அமர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1867 ஆகஸ்டு 25ஆம் நாள், நாற்காலியில் இருந்தபடியே உயிர் பிரிந்தது. அரசர்களும் நியூட்டனும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெறுவதை அவர் விரும்பவில்லை. ஹைகேட் இடுகாட்டில் உறவினர் சிலர் மட்டும் நிற்க, சடங்கு ஆரவாரமின்றி அடக்கம் செய்தனர். கல்லில் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே பொறித்தனர். பன்னிரண்டாண்டு கழித்து, 1879இல், சாரா அம்மையாரையும் அங்கேயே அடக்கம் செய்தனர்.